ஒரே கட்டடம், வேறு வேறு சம்பளம்: வேலையிடப் பன்முகத்தன்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள், பட்டியல் சமூகத்தினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநர், வெளிமாநிலத்தவர் என்று பலதரப்பட்டவர்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற பேச்சு சென்னை நிறுவனங்களில் இப்போது நிறையக் கேட்கிறது. அதற்கென்று தனிக் குழு, தனி வாரம் எல்லாம் உண்டு. இந்த விஷயமாக நான் பயிற்சி வகுப்புகள் எடுத்து வருகிறேன். வகுப்பில் கையைத் தூக்காதவர்கள், முடிந்தபிறகு காபி குடிக்கும் இடத்தில் தனியாக வந்து கேட்பார்கள். அந்தக் கேள்விகள்தான் இவை. எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் சம்பளத்தில் போய் நிற்கும்.

சம்பள ஏற்றத்தாழ்வும் பன்முகத்தன்மையும் தனித்தனிப் பிரச்சினைகள்தானே? ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

அலுவலகத்தில் அவை சேர்ந்தேதான் கண்ணில் படுகின்றன. இன்னொரு சமூகத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பயிற்சி வகுப்பில் நாம் தெரிந்துகொள்வது கொஞ்சம். யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள், யார் எந்த லிஃப்டில் ஏறுகிறார்கள் என்று தினமும் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வதுதான் அதிகம்.

ராஜீவ் காந்தி சாலையில் ஏதாவது ஓர் ஐ.டி. வளாகத்தின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஷேர் ஆட்டோவிலும் மாநகரப் பேருந்திலும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் வந்து இறங்குவார்கள். பலர் துரைப்பாக்கம் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். நகரின் நடுவிலும் ஆற்றோரங்களிலும் இருந்த குடியிருப்புகளை அகற்றி, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் அவை. பட்டியல் சமூகத்தினர் அதில் கணிசம். இவர்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும். அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம். ஏறுவது சர்வீஸ் லிஃப்டில். ஒன்பதரைக்கு கேபில் வந்து இறங்குகிறவர்களுக்கு இந்தச் சடங்குகள் அநேகமாகக் கிடையாது. உடம்புக்கு முடியாமல் போனால், மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிற அக்கா இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கோ கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ போய் வரிசையில் நிற்பார். அவர் துடைத்த மேசையில் வேலை செய்கிறவர், நிறுவனம் எடுத்துத் தந்த காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குப் போவார்.

இதை நாலைந்து வருடம் பார்த்த ஓர் இளைஞருக்கு, இன்னார் இன்ன வேலைக்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாளைக்கு அவரே நேர்காணல் எடுக்கும் இடத்துக்கு வருவார். கண்ணகி நகர் முகவரியோடு ஒரு பி.இ. பட்டதாரி எதிரே உட்காரும்போது, பார்த்துப் பழகியது வேலையைக் காட்டும். அந்த முகவரியை எழுதினால் வேலை கிடைக்காது என்று பயந்து, உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

இது உங்கள் ஊகமா, ஆய்வு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் செசிலியா ரிட்ஜ்வே 1991-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். இரண்டு கூட்டத்தினருக்கு இடையே நிறமோ பாலினமோ ஏதோ ஒரு வேறுபாடு இருக்கிறது. அதோடு பணமும் வசதியும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் சேர்ந்து வேலை செய்யச் செய்ய, வசதி உள்ள கூட்டத்துக்கே திறமையும் உண்டு என்ற நம்பிக்கை உருவாகிவிடும் என்கிறார் அவர். கீழே இருக்கிறவர்களும் காலப்போக்கில் அதை நம்பத் தொடங்குவார்கள். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். "நமக்கெல்லாம் அந்த வேலை வராது சார்" என்று நன்றாகப் படித்த பிள்ளை ஒருவன் சொல்லக் கேட்டால் உங்களுக்கும் வலிக்கும்.

1998-ல் டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இருவர் பிளவுக்கோடுகள் பற்றி எழுதினார்கள். ஒரு குழுவில் பல வேறுபாடுகள் இருப்பதால் மட்டும் சண்டை வருவதில்லை. எல்லா வேறுபாடுகளும் ஒரே கோட்டில் வந்து விழும்போதுதான் குழு இரண்டாக உடைகிறது என்பது அவர்கள் வாதம். மேலாளர்கள் எல்லோரும் ஆண்கள், ஒரே கல்லூரி வட்டம், ஒரே சமூகம். கீழே எல்லோரும் பெண்கள், வேறு ஊர், வேறு சமூகம் என்றால் நிலநடுக்கம் வரும்போது விரிசல் எங்கே விழும் என்று முன்பே சொல்லிவிடலாம்.

சேர்ந்து பழகினால் எல்லாம் சரியாகிவிடாதா?

எப்படிச் சேர்ந்து பழகுகிறோம் என்பதைப் பொறுத்தது. பழகினால் வெறுப்பு குறையும் என்று 1954-ல் எழுதிய உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட்டே, பழகுகிறவர்கள் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு ஒன்று வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளாதார அறிஞர் கிரிக்கெட் தொடர் ஒன்றை நடத்தி, பல சாதி இளைஞர்களைச் சில அணிகளில் கலந்து சேர்த்தார். 2021-ல் வெளியான முடிவு இது: ஒரே அணியில் ஆடியவர்களிடையே சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்த நன்மை வரவில்லை.

இதை நம் அலுவலகத்தில் பொருத்திப் பாருங்கள். தினமும் எட்டு மணி நேரம் ஒரே மாடியில்தான் இருக்கிறோம். ஒருவர் காபி கோப்பையை வைத்துவிட்டுப் போகிறார், இன்னொருவர் எடுத்துக் கழுவுகிறார். இது பழக்கம் இல்லை, பக்கத்தில் இருப்பது மட்டும்தான்.

எங்கள் கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அது போதாதா?

எந்தப் படியில் என்று கேளுங்கள். நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அசெம்ப்ளி லைனில் பெண்கள், சூப்பர்வைசர் அறையில் ஆண்கள் என்றிருந்தால், அந்த எண்ணிக்கை பெண்களுக்கு எது வரும் எது வராது என்ற பழைய பாடத்தைத்தான் மறுபடி நடத்தும். தலைகளை மொத்தமாக எண்ணாமல் சம்பளப் படிவாரியாக எண்ணினால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் மீது இங்கே இருக்கும் கோபம்? அது மொழிப் பிரச்சினைதானே?

நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோழிங்கநல்லூரில் மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிற டெல்லிக்காரர் மூன்று வருடமாகத் தமிழ் பேசாமல் இருக்கலாம். அவரோடு மீட்டிங்கில் நாம்தான் இந்தியில் தடுமாறுகிறோம், வார இறுதியில் அவருக்கு நல்ல பிரியாணிக் கடை சொல்கிறோம். பல்லாவரத்தில் கட்டட வேலை செய்கிற ஒடிசாக்காரர் ஆறே மாதத்தில் "அண்ணா, தண்ணி வேணும்" என்று பேசக் கற்றுக்கொண்டிருப்பார். அவரைத்தான் "வடக்கன்" என்கிறோம், அவரைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறோம். மொழிதான் காரணம் என்றால் கோபம் இரண்டு பேர் மீதும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும்.

குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று ஒப்பந்ததாரர் கூட்டி வருகிறார். உள்ளூர்த் தொழிலாளியின் கூலி அதனால் அழுத்தப்படுகிறது. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் கூலியை நிர்ணயித்தவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, பக்கத்தில் கலவை தூக்குகிறவர் தெரிகிறார். 2023 மார்ச் வாக்கில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான காணொளிகள் பரவின. இங்கே அது பொய் என்று நிரூபிப்பதற்குள், ரயிலேறி ஊருக்குப் போனவர்கள் பலர். வதந்தி அவ்வளவு சீக்கிரம் ஏன் பிடித்துக்கொண்டது? இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கூலிக்குப் போட்டியாக மட்டுமே பார்த்துப் பழகியிருந்ததும் ஒரு காரணம் என்பேன். இருவருக்கும் ஒரே கூலி, ஒரே பி.எஃப். என்றால் மொழி வேற்றுமை எவ்வளவு சிறிதாகிவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி எல்லாம் கான்ட்ராக்ட். அவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லையே?

இந்தப் பதிலை ஹெச்.ஆர். அறைகளில் அடிக்கடி கேட்கிறேன். பன்முகத்தன்மை அறிக்கையிலிருந்து கட்டடத்தின் மிக ஏழைகள் மொத்தமாகக் காணாமல் போவது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

சட்டம் இவ்வளவு சுலபமாகக் கையைக் கழுவ விடுவதில்லை. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட நிறுவனம், தர வேண்டும் என்று 1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையை ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே கூலி என்று பழைய சட்டத்தின் மத்திய விதிகள் சொல்லின. அரசுப் பணியில் தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசு வேலை ஒப்பந்தத்துக்குப் போகும்போது இன்னொன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைக்கும் கல்விக்கும்தான். தனியார் ஒப்பந்ததாரரின் ஆள்சேர்ப்புக்கு அது கிடையாது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு 13 நாட்கள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலை தனியாருக்குப் போகக் கூடாது என்பதுதான் கோரிக்கை. பெரும்பாலும் பட்டியல் சமூகப் பெண்கள். வேலை யாருடையது, கூலி எவ்வளவு, சாதி என்ன என்ற மூன்றையும் அங்கே யாராலும் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

எங்கள் ஆபீஸில் யாரும் சாதி பார்ப்பதில்லை. அதை ஏன் இழுக்கிறீர்கள்?

யாரும் கேட்பதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஊர் எது, எந்தத் தெரு, அசைவம் சாப்பிடுவீர்களா, எந்தக் கல்லூரி என்று கேட்பதிலேயே பாதி பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மேற்சாதி இந்துப் பெயரைவிடக் குறைவான அழைப்புகளே வந்தன. ரெஃபரல் வழியாக ஆள் எடுக்கும் இடங்களில் பெயரைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. தெரிந்தவர் தெரிந்தவரைக் கொண்டுவருவார்.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. 1918-ல் இந்த ஊரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. 1921-ல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, வீடுகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடும் நடந்தது. அவர்களைக் கருங்காலிகள் என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். கையில் சேமிப்பு இல்லாதவர், கடனில் இருப்பவர், சங்கத் தலைமையில் தன் ஆள் என்று யாரும் இல்லாதவர் எத்தனை மாதம் கூலியில்லாமல் இருப்பார்? ஒரே ஆலைக்குள் இருந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யாமல் ஒற்றுமையை மட்டும் எதிர்பார்த்தார்கள். நிர்வாகம் அந்தப் பிளவை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே சம்பளம் தர வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒடிசாவில் தொழிலாளர்களைச் சிறு சிறு குழுவாக வைத்து எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசனி ஆகிய மூவர் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் வேறு வேறு. ஏன் வித்தியாசம் என்று புரியாத இடங்களில் குறைந்த கூலி வாங்கியவர்களின் உற்பத்தி சரிந்தது, வேலைக்கு வருவதும் குறைந்தது. தங்களுக்கே லாபமான விஷயத்தில்கூடச் சேர்ந்து செயல்பட முடியாமல் போனது. ஆனால் கூட வாங்குகிறவர் உண்மையிலேயே கூட உற்பத்தி செய்வது கண்ணுக்குத் தெரிந்த இடங்களில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை.

காரணம் தெரிந்த வித்தியாசத்தை மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். காரணம் தெரியாதபோது, கண்ணுக்குத் தெரிகிற எதையாவது காரணமாக்கிக்கொள்கிறார்கள்: "அவங்க ஆளு", "பொண்ணுங்கறதால குடுத்துட்டாங்க", "கோட்டாவுல வந்தவன்". அப்ரைசல் முடிந்த வாரத்தில் கேன்டீனில் கேட்டுப் பாருங்கள்.

சம்பளத்தை வெளிப்படையாக்கினால் சண்டை வராதா?

கொஞ்சம் வரும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், சக ஊழியர்களின் சம்பளத்தைத் தெரிந்துகொண்டவர்களில் நடுநிலைக்கு (சம்பளங்களை வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருவது) கீழே வாங்கியவர்களின் திருப்தி குறைந்தது. மேலே வாங்கியவர்களிடம் மாற்றம் இல்லை. எனவே தனிநபர் சம்பளத்தைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் படிநிலைகளையும், ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போக என்ன வேண்டும் என்பதையும் வெளியிடுவது நல்லது.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனமாக இருந்தால் நீங்கள் கேட்காமலே சில எண்கள் வெளியில் இருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 197-வது பிரிவுப்படி ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குத் தரும் பொறுப்பு அறிக்கையில் ஆண், பெண், மாற்றுத்திறனாளி, நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் கணக்கும், பாலினவாரியான நடுநிலைச் சம்பளமும் இருக்கும். சாதிக் கணக்கு இல்லை. அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்களுடையது தி.நகரில் ஒரு துணிக்கடை. இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

உங்களுக்குத்தான் முதலில் தேவைப்பட்டது. நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டிய பெண்களுக்காகத் தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை கட்டாயம் என்று ஆக்கினார்கள். கடையில் இன்று எத்தனை நாற்காலி இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் யாராவது முறைக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் முன்னேறிய வகுப்பு என்று சொல்லப்படும் சாதி. ஆனால் ஏழைக் குடும்பம், கல்விக் கடன் இருக்கிறது. என் கஷ்டம் யார் கணக்கிலும் வராதா?

வர வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்கிறவரைக் குற்றவாளி போல் பார்க்கும் பயிற்சியாளர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களில் ஃப்ரெஷர் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ வீட்டு வாடகை அப்படி நிற்கவில்லை. கையில் மிஞ்சுவது குறையக் குறைய, யாருக்காவது ஒரு சலுகை என்று காதில் விழுந்தாலே அது நம்மிடமிருந்து எடுத்தது போல் தோன்றும்.

ஆனால் உங்கள் சம்பளம் உயராததற்குப் பக்கத்து சீட்டுக்காரர் காரணம் இல்லை. அவருக்கும் அதே மூன்றரை லட்சம்தான். தனியார் துறையில் இடஒதுக்கீடே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் ஏழ்மைக்கு உதவி கேளுங்கள்: வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முதல் மாத முன்பணம், பயிற்சிக் காலச் சம்பளம், இடையில் வேலையை விட்டால் கட்டச் சொல்லும் பாண்ட் தொகையை நீக்குவது. அது அவருக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

பயிற்சி வகுப்புகளால் பயனே இல்லையா?

கொஞ்சம் உண்டு. அதை வைத்துத்தான் என் பிழைப்பும் நடக்கிறது. ஆனால் அரை நாள் வகுப்பு சொல்வதை, அடுத்த நாள் காலையில் சம்பளப் படியும் கேன்டீனும் மறுத்துச் சொன்னால், கேன்டீன்தான் ஜெயிக்கும்.

நான் மேலாளரும் இல்லை, ஹெச்.ஆரும் இல்லை. என்னால் என்ன செய்ய முடியும்?

உங்கள் மாடியில் துப்புரவு செய்கிற அக்காவுக்குச் சம்பளச் சீட்டு வருகிறதா, பி.எஃப். எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அட்மினுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு என்று அதில் எழுதுங்கள். ஆள் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் கல்லூரி வட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் பெயரையும் கொடுங்கள். கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனி நேரமோ தனி மேசையோ இருந்தால், ஏன் என்று டவுன்ஹால் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தில் ஊழியர் என்றால் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் அடக்கம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அவர் புகாரையும் எடுத்தாக வேண்டும். இந்த அறிவிப்பு பல அலுவலகங்களில் ஆங்கிலத்தில் மட்டும், ரிசப்ஷன் பக்கம் இருக்கும். தமிழில் ஒன்று அச்சிட்டு, ஹவுஸ்கீப்பிங் பெண்கள் உடை மாற்றும் அறையில் குழு உறுப்பினரின் எண்ணோடு ஒட்டச் சொல்லுங்கள். இந்தி பேசுகிற செக்யூரிட்டி பெண்கள் இருந்தால் இந்தியிலும் ஒன்று. பத்து பேருக்குக் குறைவான இடமாக இருந்தாலோ, புகார் முதலாளிமீதே என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. அதற்கு எழுதலாம்.